எழுத்தின் மேல் ஓர் அலை

போன வாரம் இந்தப் பத்தியில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. கவனித்தீர்களா?

'இந்த வாரம் முழுக்க எனக்குப் பல் வலி' என்று ஆரம்பித்திருந்தேன். அச்சில் வந்தது, 'இந்த வாரம் முழுக்க எனக்குப் பல வலி.'

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்து என் போன் ஓயவில்லை. ரந்தாவிலிருந்து ஒரு வாசகி, "என்னக்கா, உடம்பு பூரா வலியா? ரத்தம் எடுத்துப் பாத்தீங்களா?" என்றார். போர்ட்டிக்சனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "மனசுல எதையும் போட்டு அடைச்சு வைக்காதீங்கம்மா" என்று நெடுநேரம் ஆறுதல் சொன்னார். நீலாயிலிருந்து ஒரு தம்பதி நேரிலேயே வந்து ஒரு பாட்டில் தைலம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைப் பல்லில் தேய்க்க முடியாதே... முழங்காலில் தேய்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது!

உங்கள் எல்லோருக்கும் நன்றி. பல் சரியாகிவிட்டது. மற்ற வலிகள் இந்த வயதுக்கு உரியவை — பத்திரிகையில் போடுகிற அளவுக்கு இல்லை.

நான் புள்ளி வைத்துத்தான் அனுப்பினேன். பக்கம் கட்டுகிற கம்ப்யூட்டரில் ஒட்டும்போது எங்கோ விழுந்திருக்கிறது. பல வருஷமாக எழுதுகிறவளுக்கு இது பழக்கம்தான். ஒரு காலத்தில் என் கட்டுரைகளில் கொம்பெல்லாம் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியாக நிற்கும். ஆசிரியர் போன் செய்து, "அம்மா, இது 'கொய்யா'வா, 'காய்யா'வா?" என்று கேட்பார். சிரித்துக்கொள்வோம்.

ஆனால் இந்த வருஷம் ஒரு சின்ன அடையாளம் விழுந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. இப்போது எழுதலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

என் அண்ணன் தேவராஜை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். லாபு, நீலாய், சிரம்பான் வட்டாரத்தில் கல்யாணமா, கோயில் திருவிழாவா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியா... மைக்கில் அவர்தான். 'மைக் தேவா' என்றால் டாக்சி ஓட்டுகிறவர்வரை தெரியும். பகலில் செண்டாயான் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுவார். மாலையானால் சட்டையை மாற்றிக்கொண்டு மைக்.

நாங்கள் பிறந்தது லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். இப்போது அங்கே செம்பனை. லயங்கள் இல்லை, எங்களோடு வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராக டவுன் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லோரும் கார் போட்டுக்கொண்டு வந்து நிற்போம். அந்தத் திருவிழாவில் அண்ணன் குரல் கேட்காத வருஷம் எனக்கு நினைவில் இல்லை.

போன வருஷம் ஒரு காலை. வேலைக்குக் கிளம்பும் நேரம். அண்ணன் கோப்பியை ஒரு மடக்கு குடித்தார். அது மூக்கு வழியாக வெளியே வந்தது.

புரை ஏறிவிட்டது என்று நினைத்து அண்ணி பாக்கியம் அவர் தலையில் தட்டினார். அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். "மாங்கியம்" என்றார். அண்ணிக்கு முதலில் சிரிப்பு. விளையாடுகிறார் என்று நினைத்திருக்கிறார். அடுத்த நொடி அண்ணனின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஸ்ட்ரோக்.

உயிருக்கு ஆபத்து இல்லை. கை, கால் சில வாரங்களில் ஓரளவு தேறிவிட்டன. புத்தியும் நினைவும் அப்படியே இருந்தன. போனது ஒன்றே ஒன்று. தொண்டைக்கு மேலே, வாயையும் மூக்கையும் பிரித்து மூட வேண்டிய அந்த மென்மையான சதை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. அண்ணம். என் அண்ணனுக்கு அண்ணத்தில் பிரச்சினை!

அதனால் என்ன ஆகும் தெரியுமா? நீங்களே சொல்லிப் பாருங்கள். 'ப' சொல்லும்போது உதட்டை மூடிக் காற்றை வாய்க்குள் அடைக்கிறோம். அந்தக் காற்று மூக்கு வழியாக ஓடிவிட்டால்? 'ம' போலக் கேட்கும். 'த' வந்தால் 'ந' போல. 'ட' வந்தால் 'ண' போல. தேவராஜ் என்று பெயர் சொல்ல வந்தவர் "நேவராஜ்" என்றார். தோசை "நோசை." கோப்பி "ஙோம்மி." மைக்கில் ஊரையே கட்டிப்போட்டவருக்குக் கடையில் ஒரு டீ சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் நூருல் வந்தார்.

சிரம்பானில் நாங்கள் காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். கோலப்பிலாவைச் சேர்ந்த மலாய்ப் பெண். சின்ன வயது, அப்போது ஐந்தாறு மாதக் கர்ப்பிணி. தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. எனக்கு உள்ளுக்குள் சந்தேகம். தமிழே தெரியாதவர் தமிழ்ப் பேச்சை எப்படிச் சரி செய்வார்? அண்ணன் மலாய் பேசுவார்தான். ஆனால் அவருக்குத் திரும்ப வேண்டியது மைக்கில் பேசிய தமிழ் அல்லவா?

நூருல் என்னை உள்ளே வரச் சொன்னார். "காக், நீங்க சரியா சொல்லுங்க. அப்புறம் அங்கிள் சொல்லட்டும்" என்றார் மலாயில். 'காக்' என்றால் அக்கா. நான் "தேவராஜ்" என்றேன். அண்ணன் "நேவராஜ்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நே இல்லண்ணே, தே... தே..." என்று பள்ளிக்கூட டீச்சர்போல ஆரம்பித்தேன்.

நூருல் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "காக், அவர் 'தே'தான் சொல்றார்."

"இல்லையே, நே-ன்னுதானே கேக்குது?"

"உங்களுக்கு அப்படிக் கேக்குது. அவர் நாக்கைப் பாருங்க, சரியான இடத்துலதான் இருக்கு. அவர் சொல்ல வந்ததும் சரி, செஞ்சதும் சரி. காத்து மட்டும் வழி மாறிப் போகுது."

ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து அண்ணனின் மூக்குக்குக் கீழே பிடித்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அண்ணன் சொன்னார். கண்ணாடியில் மூச்சு படிந்து வெள்ளையாக மங்கியது. "பாருங்க, இங்கேதான் ஓடுது திருடன்" என்றார்.

பிறகு கம்ப்யூட்டரில் அண்ணன் சொன்ன ஒவ்வொரு ஒலியையும் அப்படியே எழுதினார். உலகத்தில் எந்த மொழியின் ஒலியையும் எழுதுவதற்கென்று ஓர் எழுத்து முறை இருக்கிறதாம். பெரும்பாலும் ஆங்கில எழுத்து மாதிரிதான் இருக்கும், ஆனால் மேலும் கீழும் குட்டிக் குட்டி அடையாளங்கள். நாக்கு பல்லைத் தொட்டால் எழுத்துக்குக் கீழே சின்ன முக்காலி போல ஒன்று. குரல் இல்லாமல் காற்று மட்டும் வந்தால் கீழே ஒரு வளையம். மூக்கு வழியாகக் காற்று கசிந்தால் தலைக்கு மேலே ஒரு வளைந்த கோடு, அலை மாதிரி.

அண்ணனின் வரிகள் முழுக்க அலையாக இருந்தன. கடல் மாதிரி இருந்தது அந்தத் திரை.

"இவர் நிஜமாவே 'ம' சொல்லியிருந்தா நான் 'ம'ன்னே எழுதியிருப்பேன்" என்று விளக்கினார் நூருல். "இது 'ப'தான். அலையோட வந்த 'ப'. அலையை மட்டும் எடுத்துட்டா போதும், எழுத்து அவர்கிட்டேயே இருக்கு."

நான் அண்ணனுக்குத் தமிழில் சொல்லலாம் என்று திரும்பினேன். தேவையில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து தங்கை, மனைவி, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவரைத் திருத்திக்கொண்டே இருந்தோம். நீ சரியாகத்தான் சொல்கிறாய் என்று முதல்முறையாக ஒருவர் சொல்கிறார். அதுவும் அவர் மொழி தெரியாத ஒருவர். அண்ணன் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நூருல் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். அந்த நாகரிகத்துக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

அன்றைக்கு மருத்துவமனைக்கு எதிரே இருந்த பாய் கடையில் உட்கார்ந்தோம். நான் ஆர்டர் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணனே, "நோசை ஒண்ணு, ணீ ஒண்ணு" என்று சொல்லிவிட்டார். பாய் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. உள்ளே திரும்பி, "தோசை ஒண்ணு, டீ ஒண்ணு!" என்று குரல் கொடுத்தார். நான் நன்றியோடு பார்த்ததும், "என்னம்மா, நம்ம கடையில எத்தனை பாஷையில ஆர்டர் வருது... இது புரியாதா லா?" என்றார்.

மாதங்கள் போயின. அலைகள் மெல்லக் குறைந்தன. ஒவ்வொரு முறையும் நூருல் திரையைத் திருப்பிக் காட்டுவார். அண்ணன் எழுத்தைப் படிக்கமாட்டார், அலையை மட்டும் விரலால் தேடிக்கொண்டு போவார். அலையில்லாத எழுத்து ஒன்று கிடைத்துவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். "போலே, அங்கிள்!" என்பார் நூருல். முடியும், அங்கிள். ஆனாலும் 'ப', 'ட', 'க' என்ற அழுத்தமான எழுத்துகள் மட்டும் பிடிவாதமாக நின்றன.

பிறகு நூருல் பிரசவ விடுப்பில் போனார்.

போவதற்கு முன் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுத்தான் போனார். அண்ணனின் ஃபைலைச் செண்டாயான் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார். வீட்டுக்கும் பக்கம், நல்ல ஆட்கள் என்றார். நாங்கள் அழைப்புக்காகக் காத்திருந்தோம்.

அழைப்பு வந்தது. நோயாளியின் நிலை லேசானதுதான், அவசரமில்லை, அடுத்த வருஷம் ஓர் இடம் கிடைக்கும் என்றார்கள்.

லேசானதா? எனக்குப் புரியவில்லை. கேட்டால், "ஃபைல்படி எழுத்தெல்லாம் சரியா வருதுங்க. கொஞ்சம் வேகம் குறைவு, அவ்வளவுதான். வீட்டுலயே பயிற்சி செய்யலாம்" என்றார் போனில் பேசியவர். மரியாதையாகத்தான் பேசினார். அவர் முன்னால் இருந்ததைத்தானே அவர் படிக்க முடியும்?

அண்ணன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இதற்குமேல் சரியாகாது என்று டாக்டர்கள் முடிவுகட்டிவிட்டார்கள், நூருலும் பாவம் பார்த்து நல்லபடியாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்துவிட்டார். அன்றோடு பேச்சை நிறுத்தினார்.

நிறுத்தினார் என்றால் முழுக்க. ஒரு நாள் அண்ணி எனக்குப் போன் செய்து அழுதார். "சரசு, ஹால்ல உக்காந்துக்கிட்டு அடுப்படிக்கு வாட்ஸ்அப் பண்றாரு லா உங்கண்ணன். 'கோப்பி'ன்னு. ஒரே வீட்டுல... நான் பதிலுக்கு என்னா அனுப்பறது, சொல்லு?"

எனக்கும் ஒரு மெசேஜ் வந்தது. 'மைக் செட்டை யாருக்காவது கொடுத்துவிடு. சும்மா கிடக்கிறது.'

பதில் போடாமல் மறுநாளே கிளம்பினேன். அண்ணியையும் அண்ணனையும் காரில் ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போனேன். அண்ணன் காரைவிட்டு இறங்க மறுத்துவிட்டார். சரி, இருங்கள் என்று சொல்லிவிட்டு நானும் அண்ணியும் உள்ளே போனோம். தேதியை முன்னால் தள்ளச் சொல்லிக் கெஞ்சுவதுதான் திட்டம். அண்ணி கைப்பையில் ஒரு டப்பா முறுக்குகூட வைத்திருந்தார்.

கவுண்டரில் இருந்த பெண் பேச்சுப் பயிற்சியாளரையே கூப்பிட்டுவிட்டார். லிம் என்று பெயர். கண்ணாடி போட்ட, மெல்லிய குரலில் பேசும் சீன இளைஞர். எங்களை உட்கார வைத்தார். வேலை நேரத்தில் முன்பதிவு இல்லாமல் வந்து நிற்கிறோம், முகம் சுளிக்கவில்லை. "நான் மறைக்க எதுவும் இல்லை, நீங்களே பாருங்க" என்று ஃபைலைத் திறந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

பார்த்தேன். நூருல் எழுதிய அதே வரிகள். அதே சொற்கள். ஆனால் ஏதோ குறைந்தது. திரை அமைதியாக இருந்தது. கடல் வற்றிப்போய் வெறும் தரை தெரிவதுபோல.

"அலை எங்கே?" என்றேன்.

"என்ன அலை?"

"அலை! மேல இருக்கணும். எழுத்துக்கு மேல மேல மேல இருக்கும்!" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி என் முந்தானையை இழுத்தார். அவர் மேசையில் இருந்த காகிதத்தில் ஆங்கில 'பி' எழுத்தைப் போட்டு, தலையில் ஒரு வளைந்த கோடு போட்டுக் காட்டினேன். "இப்படி. எல்லா வரியிலயும் இருந்தது. நான் என் கண்ணால பாத்தேன், ஒவ்வொரு வாரமும்."

லிம் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்பவும் காகிதத்தை. அவர் முகம் மாறுவது தெரிந்தது. "அலாமாக்..." என்றார் மெதுவாக. பிறகு கேட்டார், "உங்க அண்ணன் எங்கே?"

"காருல."

எங்களுக்கு முன்னால் அவர் எழுந்து நடந்தார். வெயிலில் கார் நிறுத்துமிடத்தைக் கடந்து போய், கார் கண்ணாடியைத் தட்டினார். அண்ணன் கண்ணாடியை இறக்கினார். லிம் குனிந்து தன் பெயரைச் சொன்னார். "அங்கிள், எனக்காக ஒரு சொல். உங்க மனைவி பேரைச் சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். வெகுநாள் பேசாத குரல், கரகரத்து வந்தது.

"மாங்கியம்."

லிம் மலாயில் சொன்னார், "மன்னிச்சிடுங்க அங்கிள். உங்களைவிட உங்க ஃபைல் நல்லாப் பேசுது."

அண்ணன் சிரித்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சத்தமாக. மூக்கு வழியாகத்தான் வந்தது அந்தச் சிரிப்பும். அண்ணி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

என்ன நடந்தது என்று அன்று மாலையே லிம் கண்டுபிடித்துவிட்டார். விடுப்பில் இருந்த நூருலுக்குப் போன் போட்டார். பின்னணியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்ததாம். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டே நூருல் தன்னிடமிருந்த பிரதியைத் திறந்து பார்த்து, அதைப் படமாக அனுப்பியிருக்கிறார். அதில் அத்தனை அலையும் பத்திரமாக இருந்தது.

லிம் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது ஓர் எண். நூருலின் அலைக்கும் தனியாக ஓர் எண் உண்டு. 'பி'க்கு ஓர் எண், அடுத்து அலைக்கு ஓர் எண் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது அலையைத் தூக்கி 'பி'யின் தலையில் ஏற்றிவிடும். பார்க்கிற நமக்கு ஓர் எழுத்து, உள்ளே இரண்டு ஆட்கள். மையத்தில் ஃபைலை வாங்கிக்கொண்ட மென்பொருள் பழையது. அதற்குச் சாதாரண ஆங்கில எழுத்துதான் தெரியும். தெரிந்த ஆளை உள்ளே விட்டது. தெரியாத ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"அந்த இடத்துல ஒரு கட்டமாவது கேள்விக்குறியாவது வந்திருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்கும், காக்" என்றார் லிம். "ஒண்ணுமே வரல. சுத்தமா இருந்தது. அதான் ஏமாந்துட்டேன்."

யோசித்துப் பாருங்கள். அலையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நல்ல 'ப'. நல்ல 'த'. நல்ல 'க'. அண்ணன் சொல்ல விரும்பியது அத்தனையும் சரியாகச் சொல்லிவிட்ட மாதிரி! நோய் முழுவதும் அந்த அலையில்தான் இருந்தது. அதைத் துடைத்துவிட்டதால் காகிதத்தில் அவர் குணமாகிவிட்டார்.

நம் 'பல் வலி' மட்டும் என்ன? 'ல்' என்பதும் இப்படித்தானாம். 'ல' ஓர் ஆள், மேலே புள்ளி இன்னோர் ஆள். புள்ளி விழுந்தால் 'பல' என்று நல்ல தமிழ்ச் சொல்லே நிற்கிறது. பிழை என்றே யாருக்கும் தோன்றாது. தைலப் பாட்டில்தான் வரும்.

லிம் அதோடு விட்டுவிடவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதே வழியில் வந்த மற்ற ஃபைல்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். வேறு சிலருடைய அடையாளங்களும் உதிர்ந்திருந்தன. தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு மலாய்ப் பெரியவர், பிளந்த அண்ணத்தோடு பிறந்த ஒரு சிறுமி... எல்லோரையும் 'லேசானது' என்று தள்ளி வைத்திருந்தார்களாம். ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து வரச் சொன்னார். மென்பொருளைச் சரிசெய்யும்வரை எல்லா ஃபைலும் படமாகத்தான் வர வேண்டும் என்று எழுதிப் போட்டார். தன் கையெழுத்தோடு, தவறு எங்கள் பக்கம் என்று. எத்தனை பேர் அப்படி எழுதுவார்கள்?

அலைகள் திரும்பி வந்ததும் சிகிச்சையே மாறியது. நாக்குக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணத்துக்குத்தான் ஒரு தாங்கல் வேண்டும் என்று லிம் சொன்னார். பல் டாக்டர் ஒருவர் அளவெடுத்து ஒரு தகடு செய்து கொடுத்தார். மேல்பல்லில் மாட்டிக்கொண்டால் பின்பக்கம் சோர்ந்து கிடக்கும் சதையைத் தூக்கிப் பிடிக்கும். முதல் வாரம் அண்ணனுக்குக் குமட்டிக்கொண்டே இருந்தது. கழற்றி எறியப் போனார். அண்ணி விடவில்லை. "இன்னும் ஒரு தடவை எனக்கு வாட்ஸ்அப் வந்துச்சு, போனைத் தூக்கி வாளித் தண்ணியில போட்டுருவேன்!" என்று மிரட்டியிருக்கிறார்.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் வேலையாக இருந்த அண்ணிக்கு ஹாலிலிருந்து, "பாக்கியம்" என்று கேட்டது. கொஞ்சம் மூக்கு கலந்த 'பா'தான். ஆனாலும் 'பா'. அண்ணி பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்ததாம். அண்ணன் இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போதும் பதில் சொல்லவில்லை. கடைசியில் அவரே எழுந்து வந்து, "காது கேக்கலயா லா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் திரும்பியிருக்கிறார்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரு கூட்டத்துக்கே நன்றி சொல்லத் தோன்றுகிறது. மூக்கு வழியாகப் போகும் காற்றுக்குக்கூட ஓர் அடையாளம் வேண்டும் என்று நினைத்த மனிதர் யாரோ. அந்தக் கோட்டுக்கும் கம்ப்யூட்டருக்குள் ஓர் எண் கொடுத்து இடம் பிடித்துவைத்தவர்கள் யாரோ. நம் புள்ளிக்கும் கொம்புக்கும் கேட்டுக் கேட்டு இடம் வாங்கித் தந்தவர்கள் — அதில் நம் மலேசியத் தமிழர்களும் உண்டு. இவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. தினமும் போனைத் திறந்து 'வணக்கம்' என்று தட்டும்போது அந்தப் புள்ளிகள் தத்தம் இடத்தில் போய் உட்காருகின்றன. நாம் கவனிப்பதே இல்லை. விழுந்தால்தான் கவனிக்கிறோம்... சில சமயம் விழுந்தாலும் கவனிப்பதில்லை.

இனி, போன மாதம் நடந்தது.

லாபு தோட்டத்துக் கோயில் திருவிழா. அண்ணன் வந்திருந்தார். மைக் பிடிக்க மட்டும் முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார். கோயில் தலைவர் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். "அடுத்த வருஷம் பாக்கலாம். ஜனங்க முன்னாடி மூக்கால பேசச் சொல்றியா?" என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இந்த வருஷம் யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் மைக்கில் வரவேற்புரை வாசித்தார். நல்ல தமிழ். கூட்டம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

பூஜை முடிந்து அன்னதான நேரம். சாப்பாட்டு லாரி செம்பனைக்கு நடுவே மண் பாதையில் வந்து, கோயில் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. யாரோ பாதையை அடைத்துக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஹாண்டில் பூட்டு வேறு. லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். பிள்ளைகள் பசியில் சிணுங்குகின்றன. மைக்கில் இருந்த ஆசிரியர், "மோட்டார் வைத்திருப்பவர்கள் தயவு கூர்ந்து கவனிக்கவும்" என்று இழுத்து இழுத்துச் சொல்கிறார். யாரும் கவனிக்கவில்லை.

அண்ணன் நாற்காலியில் நெளிந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். வேகமாக நடந்து போய், ஆசிரியர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பாதையை அடைச்சுக்கிட்டு நிக்கிற கறுப்பு மோட்டாரு... யாரோடதுப்பா அது? சாப்பாட்டு லாரி தவிக்குது லா! பொட்டுப் பொடிசெல்லாம் பட்டினியா நிக்குது. உடனே எடுப்பா!"

'பா', 'டை', 'கறு', 'தவி', 'பட்டினி'... அவரைக் காலை வாரிய எழுத்துகள் எல்லாம் ஸ்பீக்கரில் டொம் டொம் என்று வந்து விழுந்தன. ஒன்றிரண்டு இடத்தில் மூக்கு தலைகாட்டியது. யாருக்கு வேண்டும் அந்தக் கணக்கு? அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். பிறகு யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும். ஆண்கள் விசில் அடித்தார்கள். ஒரு மோட்டாரை நகர்த்தச் சொன்னதற்கு அப்படி ஒரு கைதட்டல் எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

கறுப்பு மோட்டாரின் சொந்தக்காரரைப் பிற்பாடு கண்டுபிடித்தோம். முன் வரிசையில் நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார் — வண்டியை எடுக்காமல்!